கம்பியில் குறையாத ஆயில்

வண்டிக்கு அடியில் அட்டை போட்டு வைக்கும் பழக்கம் எனக்கு அந்த மழைக்காலத்தில்தான் வந்தது. சமையல் எண்ணெய் டின்கள் வரும் அட்டைப் பெட்டியைப் பிரித்து, சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் எஞ்சினுக்கு நேர் கீழே தள்ளி விடுவேன். காலையில் இழுத்துப் பார்த்தால் நடுவில் கறுப்பாக ஒரு வட்டம் இருக்கும். தோசைக்கல்லில் ஊற்றிப் பரப்பாமல் விட்ட மாவு மாதிரி. முதலில் சின்ன வட்டம். பிறகு பெரிய வட்டம்.

உடனே பானெட்டைத் திறந்து ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவுவேன். துணியில் துடைத்து, மறுபடி விட்டு, மறுபடி உருவுவேன். மேல் கோடு வரைக்கும் ஆயில் பளபளவென்று இருக்கும்.

கீழே சொட்டுகிறது. மேலே குறையவில்லை. எந்த ஊர் நியாயம் இது? நாள் முழுக்க இதே யோசனை. வெங்காயம் நறுக்கும்போதும் இதே. பருப்பு ஒரு நாள் அடி பிடித்ததும் இதனால்தான்.

என் வண்டி பழசு. சாம்பல் நிறம். பின் இருக்கையை மடக்கிவிட்டால் சாப்பாட்டுப் பெட்டிகள் எல்லாம் உள்ளே போகும். சிங்கப்பூரில் ஒரு வண்டிக்குப் பத்து வருஷம்தான் ஆயுசு. அதற்கு மேலும் ஓட்ட வேண்டுமென்றால் சிஓஇ என்கிற உரிமத்தை மறுபடி எடுக்க வேண்டும். நான் ஐந்து வருஷத்துக்கு எடுத்திருந்தேன். அப்படி எடுத்தால் அந்த ஐந்தோடு சரி, அதற்கு மேல் நீட்ட முடியாது. நடுவில் எஞ்சின் போய்விட்டால், சாகப்போகிற வண்டிக்குப் புது எஞ்சின் போட எவனும் முன்வர மாட்டான். நேராக இரும்புக்கடைதான். இன்னொரு வண்டி வாங்க எனக்கு வழி இல்லை.

வண்டி இல்லை என்றால் என் தொழிலும் இல்லை. ஃபேரர் பார்க்கில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் காலை நேரத்தில் தன் பின்கட்டுச் சமையலறையை எனக்கு விடுகிறார். அங்கே சமைத்து, பெட்டிகளில் அடைத்து, மத்தியானத்துக்குள் அலுவலகங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். தோ பாயோ, புக்கிட் மேரா, நடுவில் இன்னும் சில இடங்கள். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள். ரசம் தனியாக வேண்டும், அப்பளம் நமுக்கக் கூடாது. சுடச்சுட ரசப் பானையைத் தூக்கிக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் ஏற முடியாது. அதனால் அந்த வண்டிதான் எனக்கு எல்லாம்.

விஷயம் இவ்வளவுதான். என்னைச் சுற்றி இருந்த இரண்டு ஆண்களுக்கும் இது தெரியும். தெரிந்துதான் அப்படிச் செய்தார்கள்.

ஒருவர் என் வீட்டுக்காரர். கப்பல் பட்டறையில் ஸ்டோர் பார்த்து ஓய்வு பெற்றவர். வண்டி ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் மாட்டேன் என்றார். மாதா கோயிலில் பாடகர் குழுவில் நல்ல குரல். இன்னொருவர் மெக்கானிக். புக்கிட் மேராவில் பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் பங்குக் கோயில்தான். எங்கள் மகளுக்கு ஞானஸ்நானத் தகப்பனும் அவர்தான். அதனால் பல வருஷமாக என் வண்டி வேறு பட்டறை வாசலை மிதித்ததில்லை. போனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து காப்பி குடிக்கும் இடத்தில், "என்ன அண்ணி, என் கை அசிங்கமாப் போச்சா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார்.

ஆரம்பம் ஒரு கல். சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் வேலைக்காரர்கள் ரோட்டைத் தோண்டியிருந்தார்கள். தண்ணீர் தேங்கிக் கிடந்ததில் சிமென்ட் கட்டி ஒன்று முழுகிக் கிடந்தது தெரியவில்லை. டொக்கென்று அடியில் ஒரு அடி. இறங்கிப் பார்த்தால் கறுப்பாக ஒழுகுகிறது. அன்றைக்குச் சாப்பாட்டை டாக்சியில் போட்டு அனுப்பிவிட்டு, வண்டியை இழுவை லாரியில் புக்கிட் மேராவுக்குக் கொண்டுபோனேன்.

மெக்கானிக் தம்பி வண்டியைத் தூக்கிப் பார்த்தார். எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்குகிற தட்டு இருக்கிறது, ஆயில் பேன். அதில் விரிசல்.

"பேன் போச்சு அண்ணி."

"மாத்து."

"மாத்திடலாம்லா. பழைய வண்டி, பார்ட்ஸ் இங்க கிடைக்காது. மலேசியா பக்கம் ஜேபில சொல்லி எடுக்கணும்."

"எடு. அடுத்த வாரம் இன்ஸ்பெக்‌ஷன் இருக்கு. அது பாஸ் ஆகலன்னா ரோட் டாக்ஸ் எடுக்க முடியாது. தெரியுமில்ல?"

"எனக்கே சொல்றீங்களா? நீங்க போய் சாம்பாரப் பாருங்க. வண்டிய நான் பாக்குறேன்."

பார்த்தார். இன்ஸ்பெக்‌ஷன் அன்று காலையில் அவரே வண்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அடிப்பக்கமெல்லாம் சோப்பு வாசனை. குனிந்து பார்த்தால் புதுசு மாதிரி மின்னியது. "பேன் மாத்தியாச்சா?" என்று கேட்டேன். "எல்லாம் ஓகே அண்ணி" என்றார். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. வண்டி பாஸ் ஆனது. அன்று சாயங்காலம் ஒரு பெரிய பெட்டி நிறையக் கோழி பிரியாணி கட்டி அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அதன் பிறகுதான் வட்டங்கள். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மாடிக் கார் நிறுத்தத்தில் என் இடம் மட்டும் கறுப்பாகத் தெரிய ஆரம்பித்தது. போன் போட்டேன்.

"பழைய ஆயில் அண்ணி. அங்கங்க ஒட்டி இருந்தது சொட்டும். கொஞ்ச நாள்ல நின்னுடும்."

"நீ கழுவித்தானே குடுத்த? கழுவுனதுல எங்க ஒட்டி இருக்கு?"

"நீங்க அண்ணனை வரச் சொல்லுங்க. நான் அவர்ட்ட விளக்கமா சொல்றேன்."

"ஓட்டுறது நானு. அண்ணன்ட்ட என்ன விளக்கம்?"

"அதுக்கில்லலா…" என்று இழுத்தார். "கம்பில பாத்தீங்களா? குறைஞ்சிருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்னலா?"

கம்பியில் குறையவில்லை. அது உண்மை. ஏசியிலிருந்து வடிகிற தண்ணீராக இருக்குமோ என்று அட்டையை மோந்து பார்த்தேன். தண்ணீர் இல்லை, ஆயில்தான். பக்கத்து வண்டியிலிருந்து ஓடி வருகிறதோ என்று இடத்தை மாற்றி நிறுத்தினேன். அங்கேயும் வட்டம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்" என்றார். அவர் அந்தச் சமயத்தில் நல்ல பிள்ளையாக மாறியிருந்தார். டாக்டர் பல வருஷமாக நடக்கச் சொல்லியும் நடக்காதவர், காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் சட்டையைப் போட்டுக்கொண்டு கீழே நடக்கப் போனார். அது மட்டுமில்லை. சாப்பாடு கொடுக்கப் போகும்போது துணைக்கு வருகிறேன் என்று முன் இருக்கையில் ஏறி உட்கார ஆரம்பித்தார். காலுக்கு நடுவில் ஒரு பச்சைப் பை.

"பைல என்ன?"

"தண்ணி, குடை, மாத்திரை."

வயசாகிறது, வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அதே சமயத்தில்தான் என் சமையலறைப் புனலும் காணாமல் போனது. எண்ணெய் ஊற்றும் பெரிய புனல். எல்லா இடத்திலும் தேடிவிட்டுப் புதுசு வாங்கினேன்.

ஓட்டுவதே தண்டனையாகிவிட்டது. ரேடியோ போடுவதில்லை, எஞ்சின் சத்தத்தைக் கேட்க வேண்டும். கண்ணாடிக்குக் கீழே இருக்கும் சிவப்பு விளக்குகளை ரோட்டைவிட அதிகமாகப் பார்த்தேன். ஆயில் மொத்தமாகக் கொட்டிவிட்டால் எஞ்சின் சில நிமிஷம்கூடத் தாங்காது, இறுகிவிடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். எக்ஸ்பிரஸ்வேயில் பக்கத்தில் லாரி வரும்போதெல்லாம் உள்ளங்கை வேர்க்கும். வீட்டுக்காரர் பையை இரண்டு காலாலும் இறுக்கிக்கொண்டு முன்னால் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கும் வேர்த்திருந்தது.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், போனில் வீடியோவை ஓடவிட்டு, அதை ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்து வண்டிக்கு அடியில் தள்ளினேன். விளக்கையும் போட்டுவிட்டேன். இழுத்து எடுத்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பழைய பேன்தான். துருவும் கீறலும் அப்படியே இருந்தன. சிமென்ட் கட்டி இடித்த இடத்தில் சாம்பல் நிறப் பசை அப்பியிருந்தது. ஓரத்தை விரலால் அமுக்கி அமுக்கி ஒட்டியிருந்தார்கள், உருளைக்கிழங்கு வைத்த கறிபாப் ஓரத்தை மூடுகிற மாதிரி. அதுவும் பழகாத கை மூடிய கறிபாப். எண்ணெயில் போட்டதும் வாயைத் திறக்கிற ரகம். ஒரு மூலையில் திறந்தும் இருந்தது. அங்கிருந்துதான் சொட்டு.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

"வெளிச்சம் சரியில்ல" என்றார்.

"வெளிச்சமா? பசை தெரியுது, விரல் அமுக்குன தடம்கூடத் தெரியுது."

"ஞாயித்துக்கிழம கோயில்ல பாத்துப் பேசிக்கலாம். இப்ப போன் போட்டுக் கத்தாத."

சரி, கோயிலிலேயே பேசிக்கலாம் என்று நானும் முடிவு செய்தேன். எந்த நேரத்தில் என்று மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

எங்கள் தமிழ்ப் பூசையில் எல்லாருக்கும் வழக்கமான இடம் உண்டு. மெக்கானிக் தம்பி எனக்குப் பின் வரிசை. வீட்டுக்காரர் முன்னால் ஓரத்தில், பாடகர் குழுவோடு. பரலோக மந்திரம் முடிந்த பிறகு, ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லச் சொல்வார் சாமியார். அப்போது எல்லாரும் அக்கம்பக்கம் திரும்பிக் கை குவிப்பார்கள். சண்டை போட்டவர்கள்கூடக் குவிப்பார்கள். மாமியாருக்கு மருமகள் குவிப்பாள். அது அங்கே மரியாதை. குவிக்காமல் நிற்பதை நான் பார்த்ததில்லை.

நான் பின்னால் திரும்பினேன். அவர் சிரித்துக்கொண்டு கை குவித்தார்.

"சமாதானம் அண்ணி."

நான் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டே கேட்டேன். "பேன மாத்துனியா, இல்லையா?"

சிரிப்பு அப்படியே நின்றது. குவித்த கையும் அப்படியே இருந்தது. "அண்ணி, பூசைல…"

"பூசைதான். இங்க பொய் சொல்ல மாட்டேல்ல. சொல்லு."

பக்கத்தில் இருந்த அம்மா எனக்குச் சமாதானம் சொல்லக் காத்துக்கொண்டிருந்தார். பாடகர் குழு அடுத்த பாட்டுக்குச் சுருதி கொடுத்தது. அவர் குரலை இறக்கினார்.

"மாத்தல அண்ணி. ஆனா நான் மறைக்கலயே. அன்னிக்கே அண்ணன்ட்ட சொல்லிட்டேனே."

"யார்ட்ட?"

"அண்ணன்ட்ட. அவருதான் காலைல காலைல ஊத்திடுறாரே."

எனக்கு முதலில் விளங்கவில்லை. ஊத்திடுறாரே. என்னத்தை? பிறகு எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. காலை நடை. பச்சைப் பை. கம்பியில் குறையாத ஆயில். என் புனல்.

முன்னால் திரும்பினேன். வீட்டுக்காரர் வாயைப் பெரிதாகத் திறந்து, கண்ணை மூடி, உருகிப் பாடிக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் நற்கருணை வாங்கப் போகவில்லை. அந்த மனசோடு போய் நிற்க முடியாது. எல்லாரும் வரிசையில் போய்த் திரும்பும் வரை உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்று எழுதுகிறேன், உடம்பு மட்டும்தான் அங்கே இருந்தது.

பூசை முடிந்ததும் காப்பி குடிக்கும் பக்கம் போகவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். இரண்டு பேரும் வந்தார்கள். தனித்தனியாக வரப் பயந்து சேர்ந்து வந்த மாதிரி இருந்தது.

வீட்டுக்காரரிடம்தான் முதலில் கேட்டேன். "தினம் ஊத்துனீங்களா?"

"கொஞ்சம்தான்."

"எதுக்கு?"

"கம்பில குறைஞ்சா நீ நேரா இவன் பட்டறைக்குப் போய் நிப்ப. நீ கத்துனா ஊருக்கே கேக்கும். அப்புறம் இவன் மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது? நம்ம புள்ளைக்கு ஞானத் தகப்பன்."

"நடு எக்ஸ்பிரஸ்வேல அந்தப் பசை விட்டுச்சின்னா?"

"அதுக்குத்தானே கூட வந்தேன்" என்று பச்சைப் பையைத் திறந்து காட்டினார். ஒரு பாட்டில் எஞ்சின் ஆயில். பழைய துணி. என் புனல்.

"ரெண்டு லாரிக்கு நடுவுல இறங்கி, புனல வச்சு ஊத்துவீங்க?"

பையை மூடி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

மெக்கானிக் தம்பி இடையில் வந்தார். "அண்ணி, கோவப்படாதீங்க. ஜேபில ஹாஃப் கட் கடைல பேன் சொல்லியிருந்தேன். வெட்டுன வண்டியிலேர்ந்து எடுத்துக் குடுப்பான். வந்தது வேற மாடல், சேரல. இன்ஸ்பெக்‌ஷன் தேதி வந்துருச்சு. தாண்டுனா நீங்கதான் ஓட்ட முடியாது. அதான் பசை போட்டு, அடிய நல்லாக் கழுவி, காய வச்சுக் குடுத்தேன். பாஸ் ஆச்சுல்ல?"

"பாஸ் ஆனது வண்டி இல்ல. நீ கழுவுனது."

"வேற பேன் வந்ததும் மாத்திடலாம்னுதான் அண்ணி. அண்ணன்ட்ட சொன்னேன், உங்கள்ட்ட சொன்ன மாதிரிதானேன்னு."

"லைசன்ஸ் யார்ட்ட இருக்கு?"

"உங்கள்ட்ட."

"ரசப் பானையோட அதுல போறது யாரு?"

"நீங்க."

"அப்ப அண்ணன்ட்ட சொன்னா, எனக்கு எப்படித் தெரியும்? ஜெபத்துல வருமா?"

வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டது.

அந்த வண்டியில் வீட்டுக்குத் திரும்ப மாட்டேன் என்றேன். கோயில் வளாகத்திலேயே நிற்கட்டும், இழுவை லாரி வைத்து நீயே எடுத்துக்கொண்டு போ, சரியான பேன் வரும் வரை அதை எவனும் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்றேன். வாடிக்கைப் பிள்ளைகளுக்கு, வண்டி கெட்டுவிட்டது, இந்த வாரம் சாப்பாடு இல்லை என்று குரல் செய்தி அனுப்பினேன். சில பேர் பரவாயில்லை அக்கா என்றார்கள். ஒரு அலுவலகம் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது. அது திரும்ப வரவில்லை. ஒரு வாரம் வண்டி இல்லாததற்கே அப்படி. அதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். சொல்லிக்கொண்டே இருந்தேன் என்பதுதான் சரி.

பேன் வந்துவிட்டது என்று போன் வந்த அன்று புக்கிட் மேராவுக்குப் பஸ்ஸில் போனேன். வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போனேன். வண்டியைத் தூக்கி வைத்திருந்தார்கள். பிளாஸ்டிக் முக்காலியை இழுத்து வண்டிக்கு நேர் கீழே பார்வை படுகிற மாதிரி போட்டு உட்கார்ந்தேன்.

"அண்ணி, ஆஃபீஸ்ல ஃபேன் இருக்கு. அங்க உக்காருங்க. இங்க வேக்காடு."

"நான் அடுப்படில இருக்குறவ. இங்கதான் தெரியுது."

மீதி ஆயிலை வடிய விட்டார். கீழே வைத்த தொட்டி கறுப்பாக நிறைவதைப் பார்த்துக்கொண்டே, பசையைச் சுரண்ட ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். சுரண்டவே தேவைப்படவில்லை. கைப்பிடியால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார். மொத்தப் பசையும் ஒரே வில்லையாகக் கழன்று கீழே அந்தத் தொட்டியில் விழுந்தது. விழுந்த இடத்துக்கு மேலே விரிசல், என் சுண்டு விரல் போகிற அகலத்துக்கு.

மெக்கானிக் தம்பி அந்த வில்லையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பைத் துடைத்து எடுத்த மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் எழுந்து முக்காலியை அவரிடம் தள்ளினேன். உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். பச்சைப் பையில் இப்போது உண்மையாகவே தண்ணீர் இருந்தது.

"நேத்து வரைக்கும் இதுலயா போனோம்?" என்றார். வண்டி ஒரு வாரமாக அங்கேதான் நிற்கிறது. திருத்தலாம் என்று வாயெடுத்தேன், விட்டுவிட்டேன்.

புது பேனை நான் கையால் தடவிப் பார்த்த பிறகுதான் மாட்ட விட்டேன். அதுவும் வெட்டின வண்டியிலிருந்து வந்ததுதான், ஆனால் முழுசாக இருந்தது. ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கும் வரை நின்றேன். கடைசியில் தம்பி, "கொஞ்ச நாள் ஓட்டிட்டு வாங்க அண்ணி. சூட்டுல போல்ட் கொஞ்சம் தளரும், மறுபடி டைட் பண்ணணும்" என்றார். அதை என்னைப் பார்த்துச் சொன்னார். வீட்டுக்காரர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து அட்டையில் வட்டம் இல்லை. ஆனாலும் அட்டை போடுகிறேன். காலையில் இழுத்துப் பார்க்கிறேன். சுத்தமாக இருந்தால் நிம்மதி வர வேண்டும். வருவதில்லை. கம்பியில் சரியாக இருந்தால், சரியாகத்தான் இருக்கிறதா, யாராவது சரி செய்து வைத்தார்களா என்று தோன்றுகிறது. வண்டிச் சாவி முன்பு வாசலுக்குப் பக்கத்தில், திரு இருதயப் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கும். இப்போது என் கைப்பையில் இருக்கிறது. குளிக்கப் போகும்போது கைப்பையும் என்னோடு வருகிறது. வீட்டுக்காரர் காலையில் நடக்கப் போவதையும் நிறுத்திவிட்டார்.

பேன் மாட்டியதற்கு அடுத்த ஞாயிறு அதே வரிசை, அதே இடம். சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. முன்னால், பக்கத்தில் எல்லாருக்கும் கை குவித்தேன். பின்னால் அவர் காத்துக்கொண்டிருந்தார். கையைக் குவிக்கலாமா வேண்டாமா என்று பாதியில் வைத்துக்கொண்டு.

"டைட் பண்ணணும்னியே, எப்ப?" என்று கேட்டேன்.

"செவ்வாக்கிழம காலைல அண்ணி. நீங்களே வாங்க. முக்காலி போட்டு வைக்கிறேன்."

"வரேன்" என்றேன். பிறகுதான் கையைக் குவித்தேன்.